ஐரோப்பா: காட்சியா? கல்வியா?

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில், சாரல் காலத்தில் சூரியகாந்தி பூக்கிறது. குற்றாலத்து அருவியில் நீராட வருவோர், வழியிலே வண்டியை நிறுத்தி, மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் அவ்வயலைக் கண்டு களித்து, படமும் எடுத்துக்கொண்டு போகின்றனர். களிக்கட்டும், அதில் குற்றமில்லை! ஆனால், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் ரஷ்யப் படை உக்ரைன் நாட்டிற்குள் புகுந்தது. சில கிழமைகளுக்குள் நம் மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறிற்று. வயல் இங்கே இருக்கிறது. பூ நம் கண்ணெதிரே சிரிக்கிறது. விலையை உயர்த்தியதோ கருங்கடற்கரையில் வெடித்த குண்டு! இது எப்படி என்று கேட்ட இல்லத்தரசிக்கு விடை சொன்னவர் யார்?

விடை ஒன்றும் மறைபொருள் அன்று. இந்தியா அந்நாளில் வெளியிலிருந்து வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. போர் மூண்டதும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன, கப்பல் நின்றது, சரக்குக் குறைந்தது, விலை ஏறிற்று. நான்கே வரி! அந்த நான்கு வரியை வணிகப் பக்கத்தின் மூலையில் ஒதுக்கிவிட்டு, முதற்பக்கத்தைப் பீரங்கிக்கும் தலைவர்களின் முகத்துக்கும் தந்தனர் ஏடு நடத்துவோர். அதே போரின்போது, மருத்துவம் பயிலச் சென்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சிக்கித் தவித்தனர். கார்கிவ், சுமி என்னும் ஊர்ப்பெயர்களை நம் தாய்மார்கள் கற்றது ஏட்டிலிருந்து அன்று. நிலவறையில் பதுங்கிக் கிடந்த பிள்ளைகளின் தொலைபேசிக் குரலிலிருந்து!

ஐரோப்பிய நாட்டு நடப்பைத் தமிழிலே எழுதும் முயற்சி நூறாண்டு கண்டுவிட்டது. அம்முயற்சியில் ஈடுபட்டோர் சிறியோர் அல்லர், பேரறிவினர், பெருந்தொண்டர். அவர்கள் எழுதியதை எடுத்து வைத்து, எளிய மனிதனுக்கு அது என்ன பயன் தந்தது, எங்கே குறைபட்டது என்று எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடைக்கல் மூன்று. எழுத்து, தொலைநாட்டு நிகழ்ச்சியைப் படிப்பவனின் வாழ்வோடு காரண காரியமாய்க் கோத்துக் காட்டுகிறதா? அங்கே முடிவு செய்வோர் யார் என்று பெயர் சுட்டுகிறதா? படித்து முடித்தவன் ஒரு கேள்வியாவது கேட்கும் ஆற்றல் பெறுகிறானா? இம்மூன்றும் உளவேல் அது கல்வி; இல்லையேல், எவ்வளவு அழகாயினும், அது வெறும் காட்சியே.

முதலில், இக்கோவை எத்துணைப் பழையது என்பதைக் காண்போம். குற்றாலத்திலேயே சான்று இருக்கிறது. 1789-இல் பிரான்சு நாட்டில் புரட்சி வெடித்தது. 1793-இல் மன்னன் தலை உருண்டது. 1795-இல் புரட்சிப் படை ஆலந்து நாட்டைக் கைப்பற்றிற்று. அந்நாட்டுத் தலைவனான ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடி வந்தான். வந்தவன், கியூ என்னும் இடத்தில் தங்கி, கடல்கடந்த டச்சுக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு தன் ஆளுநர்களுக்கு ஓலை எழுதினான். அடுத்த ஆண்டு, 1796-இல், சாதிக்காயும் கிராம்பும் விளையும் மொலுக்காத் தீவுகள் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தன. டச்சுக்காரர் நெடுங்காலம் பிறர் கண்படாமல் காத்த செடிகள் அவை! அத்தீவுகளின் நாற்றுகள் கடல் கடந்து வந்தன. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குற்றால மலைச்சாரலில் நறுமணப் பயிர்த் தோட்டம் எழுந்தது.

எண்ணிப் பாருங்கள்! பாரிசிலே முடி சாய்ந்தது. குற்றாலத்திலே கிராம்பு துளிர்த்தது. அத்தோட்டத்திலே மண் சுமந்த கூலியாளுக்கு யாரேனும் இக்கதையைச் சொல்லியிருப்பரா? கும்பினியான் சொன்னால் குடி கெடும், அவன் சொல்லமாட்டான். ஊர்ப் பெரியவரோ அறியார். ஐரோப்பா அன்றே நம் மண்ணில் வேர் விட்டிருந்தது. அதன் விவரம் மட்டும் நம்மை வந்து சேரவில்லை. ஆகவே, ‘எங்கோ இருக்கும் ஐரோப்பா நமக்கு எதற்கு?’ என்போர், இருநூறு ஆண்டுக்கு முன்னரே தோற்றுப்போன கேள்வியைக் கேட்கின்றனர்.

இவ்விருளில் விளக்கேற்றியவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் வெ. சாமிநாத சர்மா. 1895-இல் பிறந்து 1978-இல் மறைந்த இவர், திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஏடுகளில் பணியாற்றியவர். 1932-இல் பர்மா சென்று, இரங்கூனிலிருந்து ‘ஜோதி’ என்னும் திங்களேட்டை நடத்தியவர். 1942-இல் சப்பானியர் படையெடுப்பின்போது அங்கிருந்து தாயகத்துக்கு நடந்தே வந்தவர். பிளேட்டோவின் அரசியல் நூலையும் ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் தமிழாக்கினார். முஸோலினி, ஹிட்லர், கமால் அத்தாதுர்க், காரல் மார்க்ஸ் ஆகியோரின் வரலாறுகளை எழுதினார். செக்கோஸ்லோவேகியாவைப் பற்றி ஒரு நூல். ஸ்பெயினைப் பற்றி ஒரு நூல். அபிசீனியாவைப் பற்றி ஒரு நூல். கல்லூரி வாயிலை மிதிக்காதவனும், ஆங்கிலம் ஒரு சொல் அறியாதவனும், மியூனிக்கில் 1938-இல் ஒரு சிறுநாட்டைப் பெருநாடுகள் கூறுபோட்ட கொடுமையைத் தமிழிலே அறிந்துகொள்ள வாயில் திறந்தது இவர்தம் எழுதுகோலே.

அப்பெருமையை அட்டியின்றி ஒப்புகிறோம். அரசியல் என்றாலே மேடை முழக்கம் என்றிருந்த காலத்தில், நிதானம் தவறாத நடையில், நாட்டின் நில அமைப்பு, குடிவகை, முன்வரலாறு என்று படிப்படியாய் விளக்கிச் செல்லும் ஆசிரியரின் பொறுமை அவரிடம் இருந்தது. முதல் எடைக்கல்லில் அவர் நிறைவே பெறுகிறார். ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள காரணத் தொடர்பைத் தேடிக் காட்டுவதில் அவர் சோர்ந்ததில்லை.

ஆயினும் இரண்டு குறை சொல்ல வேண்டும். வடசொல் மிகுந்த நடை என்று பலர் சொல்வர்; அது காலத்தின் கோலம், நாம் அதைப் பெரிதாக்கவில்லை. நாம் சொல்லும் முதற்குறை, வாழ்க்கை வரலாறு என்னும் வடிவத்தைப் பற்றியது. ஒரு நாட்டை அறிய அதன் தலைவனின் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்கும் வழி எளியது, சுவையானது. ஆனால் அவ்வழியே சென்றவன், வரலாறு என்பது ஒரு சிலர் தம் விருப்பப்படி ஆட்டும் பொம்மலாட்டம் என்ற எண்ணத்தோடு திரும்புகிறான். ஹிட்லரின் மீசையை அறிந்தவன், 1933-இல் அவனுக்கு ஆட்சி கிட்டுமுன் செருமனியில் வேலையிழந்து நின்றோர் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் என்பதை அறிகிறானா? அதை அறிந்தால்தானே, ‘நம் நாட்டிலும் வேலையற்ற இளைஞன் முன்னே ஒருவன் பகைமையைப் பரிமாறினால் என்ன ஆகும்?’ என்ற கேள்வி அவன் நெஞ்சில் எழும்!

இரண்டாம் குறை, பெயரைப் பற்றியது. ஸ்பெயினைப் பற்றிய நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஸ்பெயின் குழப்பம்’. 1936 பிப்ரவரியில் அந்நாட்டு மக்கள் வாக்களித்து ஓர் ஆட்சியை அமைத்தனர். சூலைத் திங்களில் படைத்தலைவர்கள் அதன்மீது பாய்ந்தனர். மூன்றாண்டு குருதி ஓடி, 1939-இல் சர்வாதிகாரம் அரியணை ஏறிற்று. இது குழப்பமா? நூலுள்ளே ஆசிரியர் எவ்வளவு விரித்துரைத்தாலும், பெட்டிக் கடையில் தொங்கும் நூலின் தலைப்பை மட்டும் படித்துச் செல்பவன், ‘ஏதோ குழப்பமாம், இரு பக்கமும் அடித்துக்கொள்கிறார்களாம்’ என்றுதானே எண்ணுவான்? குழப்பம் என்ற சொல்லுக்கு எழுவாய் இல்லை. செய்தவன் பெயர் அதிலே மறைந்துவிடுகிறது. முடிவு செய்வோரின் பெயர் சுட்டுக என்ற நம் இரண்டாம் எடைக்கல்லை மறந்தால், சிறந்த நூலும் தலைவாயிலிலேயே தடுக்கி விழும். இன்றைய ஏடுகள் ‘உக்ரைன் நெருக்கடி’ என்றபோதும் இதே தடுக்கல்தான்!

அடுத்து, பெரியாரின் ஐரோப்பியப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 1931 திசம்பரில் சென்னையிலிருந்து கப்பலேறிய அவர், எகிப்து, கிரீசு, துருக்கி, சோவியத் ரஷ்யா, செருமனி, இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின் எனச் சுற்றி, 1932 நவம்பரில் நாடு திரும்பினார். புறப்படுமுன்னரே, 1931 அக்டோபரில், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் ‘குடி அரசு’ ஏட்டிலே வெளிவரத் தொடங்கிற்று. ஐரோப்பியச் சிந்தனை, பட்டம் பெற்றோரின் தனிச்சொத்தாய் இருந்த நிலை அங்கே உடைந்தது. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் காது கொடுத்த ஏட்டிலே அல்லவா அது வந்தது!

இப்பயணத்தில் நம் மூன்றாம் எடைக்கல்லுக்குச் சரியான சான்று ஒன்று கிடைக்கிறது. 1932 சூன் திங்களில், இங்கிலாந்தின் மெக்ஸ்பரோ என்னும் சுரங்க ஊரில், தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரி கலந்துகொண்ட பெருங்கூட்டத்தில் பெரியார் பேசினார். விருந்தினராய்ச் சென்றவர், புகழுரை பாடிவிட்டு மாலை வாங்கி வந்திருக்கலாம். அவரோ, தொழிலாளர் பெயரால் ஆட்சி நடத்திய கட்சி இந்தியத் தொழிலாளனின் துயர் துடைக்கச் செய்தது என்ன என்று அக்கட்சியையே இடித்துரைத்தார். மேனாட்டைக் கண்டு வியந்தவர் உண்டு, வெறுத்தவர் உண்டு, அந்நாட்டு மக்கள் மன்றத்திலேயே நின்று கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்? கல்வி கேள்வியாய்க் கனிந்த இடம் அது.

அறிஞர் அண்ணா அதே வழியை எழுத்திலே அகலப்படுத்தினார். கிரீசும் உரோமும் வணங்கிப் பின் கைவிட்ட தெய்வங்களை ‘மாஜி கடவுள்கள்’ என்று அவர் அறிமுகம் செய்தபோது, அத்தலைப்பே ஒரு பாடமாயிற்று. மாஜி மந்திரியை அறிந்த பாமரன், மாஜி கடவுள் என்றதும் சிரித்தான், சிரித்தவன் சிந்தித்தான். ‘ஏழை பங்காளர் எமிலி ஜோலா’வில், 1894-இல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டுத் தீவுச் சிறையில் வாடிய டிரைபஸ் என்னும் யூதப் படைத்தலைவனுக்காக, 1898-இல் ஆட்சியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய எழுத்தாளனை நம்மவர் கண்முன் நிறுத்தினார்.

எழுதியதோடு நில்லாமல், அறிந்ததைப் பயன்படுத்தியும் காட்டினார். கோவா விடுதலைக்குப் போராடி 1955-இல் சிறைப்பட்ட மோகன் ரானடே, கோவா விடுதலை பெற்ற பின்னும் லிஸ்பன் நகரச் சிறையில் கிடந்தார். போர்ச்சுகல்லோடு இந்தியாவுக்குத் தூதுறவு அன்று இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது? 1968-இல் வாத்திகனுக்குச் சென்ற அண்ணா, போப்பாண்டவர் ஆறாம் பவுலிடம் அவ்வீரனின் விடுதலைக்காகப் பேசினார். கத்தோலிக்க நாடான போர்ச்சுகல் யார் சொல்லைத் தட்டாது என்ற ஐரோப்பிய அறிவல்லவா அந்தக் கதவைக் காட்டிற்று! 1969 சனவரியில் ரானடே விடுதலையானார். அயலார் அரசியலை அறிவது பொழுதுபோக்கு என்போர், அச்சிறைக் கதவு திறந்த ஓசையைக் கேட்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் பக்கத்துக் குறையை மறைத்தால் திறனாய்வு ஆகாது. ‘மேனாட்டைப் பார்!’ என்று நாம் அடிக்கடி எழுதினோம். உள்ளூர் மடமையைச் சாட, ஐரோப்பாவை ஒரு கண்ணாடியாய்ப் பிடித்தோம். நோக்கம் நன்று, ஆனால் கண்ணாடியை மிகையாய்த் துடைத்துவிட்டோம். வால்டேரின் சிரிப்பும் ரூசோவின் சீற்றமும் அதிலே தெரிந்தன, மறுபக்கம் தெரியவில்லை. 1906-இல் டிரைபசைக் குற்றமற்றவர் என அறிவித்த அதே பிரான்சு, 1954 வரை புதுச்சேரியையும் 1962 வரை அல்சீரியாவையும் பிடியில் வைத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் இன்று ஓங்கி நிற்கும் பிரசெல்ஸ் நகரில்தான், காங்கோ நாட்டை 1885 முதல் 1908 வரை தன் சொந்தச் சொத்தாய் ஆண்டு அம்மக்களைக் கசக்கிப் பிழிந்த லியோபோல்டு மன்னன் வீற்றிருந்தான். பகுத்தறிவு பிறந்த இடத்திலேயே பண்ணையடிமையும் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை, படிப்பவன் ஐரோப்பாவின் மாணவன் ஆகான். அதன் பக்தனே ஆவான். பக்தியைச் சாடப் புறப்பட்டவர்கள் புதிய பக்தியைப் படைக்கலாமா?

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். பள்ளியிலே பாடம் சொல்லும் தொழில் நமக்கு. மாஸ்டிரிக்ட் உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு எது என்று கேட்டால், மாணவன் 1992 என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறுகிறான். அவ்வுடன்படிக்கையால் யார் யாருக்கு என்ன அதிகாரம் வந்தது என்று அவனைக் கேட்பாரில்லை. சொல்லிக் கொடுப்பாரும் அரியர். ஏடுகளோ இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று வெவ்வேறு அமைப்புகளுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிடுகின்றன. எதைக் கண்டாலும் ‘ஐரோப்பிய கவுன்சில்’! நாட்டுத் தலைவர்கள் கூடி ஒன்றியத்தின் போக்கை வகுக்கும் மன்றம் ஒன்று. துறை அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு ஒப்புதல் தரும் மன்றம் மற்றொன்று. 1949-இல் தோன்றி, ஸ்டிராஸ்பர்க் நகரில் இருந்துகொண்டு, 46 நாடுகளை உறுப்பாய்க் கொண்டு மனித உரிமை காக்கும் அவை, ஒன்றியத்தைச் சேராத மூன்றாவது அமைப்பு. 2022-இல் ரஷ்யா வெளியேற்றப்பட்டது இந்த மூன்றாவதிலிருந்து. ரஷ்யா ஒன்றியத்தில் என்றுமே இருந்ததில்லை. பெயர் மூன்றும் ஒன்றானால், படிப்பவன் மூளை மூன்றாய்ப் பிளக்காதா? தலைவர் மன்றம், அமைச்சர் மன்றம், ஐரோப்பா அவை என்று தமிழிலே தனித்தனிப் பெயர் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

‘பாமரனுக்கு இதெல்லாம் புரியாது’ என்பவர்க்கு ஒன்று சொல்வோம். ஒன்றியம் என்ற சொல் நம் சிற்றூர் மக்களுக்குப் புதிதன்று. ஊராட்சி பல சேர்ந்து ஊராட்சி ஒன்றியம் ஆவதை அறியாத உழவன் தென்காசிப் பக்கத்தில் இல்லை. தன் ஊராட்சிக்கு எந்த அதிகாரம், ஒன்றியத்துக்கு எந்த அதிகாரம், சாலைக்கு யாரிடம் மனு கொடுப்பது, பள்ளிக் கட்டடத்துக்கு யாரிடம் போவது என்பதை அவன் அனுபவத்தால் அறிவான். அங்கிருந்து தொடங்குங்கள். 27 நாடுகள் சேர்ந்த ஒன்றியம் அது. சட்டத்தை முன்மொழியும் உரிமை பிரசெல்சில் உள்ள ஆணையத்துக்கு. அதை நிறைவேற்றும் உரிமை, 2024-இல் மக்கள் தேர்ந்தெடுத்த 720 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்துக்கும் அமைச்சர் மன்றத்துக்கும் கூட்டாக. இவ்வளவுதான் அடிப்படை. இது புரியாத மூளை நம் நாட்டிலே இல்லை. இதைச் சொல்லும் பொறுமைதான் குறைவு.

இதனால் நமக்கு என்ன? செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறினால், மிளகும் ஏலமும் விளையும் மலை தொடங்குகிறது. அம்மிளகு ஐரோப்பா செல்ல வேண்டுமாயின், அதில் எஞ்சி நிற்கும் பூச்சிமருந்தின் அளவை 2005-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் ஒன்றியச் சட்டம் அளந்து பார்க்கிறது. தனி வரம்பு குறிக்கப்படாத மருந்தாயின், ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. 2020-இல் இந்திய எள்ளிலே எத்திலீன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பியக் கடைகளிலிருந்து பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. சரக்குத் தடைபட்டால் வணிகன் விலையைக் குறைக்கிறான். விலை குறைந்தால் உழவன் கடன்படுகிறான். அவனுக்குத் தெரிவதெல்லாம் ‘மேலே விலை இல்லையாம்’ என்ற ஒரு வாக்கியமே. அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது, அங்கே அமர்ந்திருப்பவர் யார் என்று அவனுக்குச் சொல்லாதது யார் குற்றம்?

அதே சட்டத்தைக் கேள்வி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தன் வயல்களில் பயன்படுத்துவதற்கான ஒப்புதலை 2007-இல் ஐரோப்பிய நீதிமன்றம் நீக்கிற்று. உண்டால் உயிர் பறிக்கும் நஞ்சு அது. ஆனால், அன்று ஒன்றியத்தின் உறுப்பாய் இருந்த இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நிற்கவில்லை. பிற நாட்டு வயல்களுக்காகக் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தது. இந்திய வயலிலும் அம்மருந்து தெளிக்கப்படுகிறது. ‘உங்கள் உழவனுக்கு ஆகாத நஞ்சு எங்கள் உழவனுக்கு ஆகுமோ?’ என்று கேட்பது மெக்ஸ்பரோ மேடையில் எழுந்த குரலின் தொடர்ச்சியன்றோ! ஒன்றியத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மீண்டும் தொடங்கிய வணிக உடன்பாட்டுப் பேச்சில் திருப்பூர்ப் பின்னலாடையும் நம் நாட்டு வேளாண் விளைபொருளும் பேரம் பேசப்பட்ட பொருள்கள். பேரம் நடக்கும்போது பண்டத்துக்கு உரியவன் உறங்கலாமா?

‘ஊர்க்குளம் தூர்ந்து கிடக்கிறது, அதைப் பார்க்காமல் பிரசெல்சைப் பார்ப்பானேன்?’ என்பர் சிலர். குளத்தைத் தூர்வாரக் கேட்கும் வாய்தான் பிரசெல்சையும் கேட்கும். ஓரிடத்தில் அடைத்த வாய் மற்றோரிடத்தில் திறவாது. இன்னொன்றும் அறிக. ஐரோப்பியப் பொதுமக்களும் தம் ஒன்றியத்தை எட்டாத கோட்டை என்றே எண்ணிக் கிடந்தவர்கள்தாம். அதனாலேயே, ஏழு நாடுகளிலாவது பரவலாய்ப் பத்து லட்சம் கையொப்பம் திரட்டினால் ஆணையத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கலாம் என்ற முறை 2012-இல் நடைமுறைக்கு வந்தது. முதன்முதலில் அவ்வெண்ணிக்கையைத் தாண்டியது எது தெரியுமா? தண்ணீர்! ‘தண்ணீர் விற்பனைச் சரக்கன்று, மனித உரிமை’ என்று தொழிற்சங்கத்தார் தொடங்கிய இயக்கத்துக்குப் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விளைவாக, 2013-இல், குத்தகை உரிமம் பற்றிய புதிய சட்டத்திலிருந்து குடிநீரை விலக்கி வைக்க ஆணையம் இசைந்தது. கையொப்பமிட்டோர் அனைவரும் பேரறிஞர்களா? குழாயடியில் நின்ற மக்கள். கேட்கத் தெரிந்தது, கேட்டனர், ஓரளவு பெற்றனர். முழுதும் பெறவில்லை, அக்கோரிக்கை ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

நாம் அவ்வொன்றியத்தின் வாக்காளர் அல்லோம். ஆனால் வாயற்றவரும் அல்லோம். ஆணையம் புதுச் சட்டத்துக்கு வரைவு எழுதும்போது கருத்துரை கேட்கிறது, எந்நாட்டவரும் எழுதலாம். நம் உழவர் சங்கங்களில் எத்தனை அதை அறியும்? அங்கே எழுதுவோர் பெரும்பாலும் பெருவணிகரும் அவர்தம் ஆள்களும். வாயில் திறந்திருக்கிறது, வழி அறிந்தவன் நுழைகிறான். வழி அறிவிப்பது எழுத்தாளன் கடமை.

ஆகவே, ஐரோப்பாவைப் பற்றி எழுத முனையும் தோழர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. சர்மாவின் பொறுமையைக் கைக்கொள்ளுங்கள். தலைவன் கதையோடு நின்றுவிடாதீர்கள். அண்ணாவைப்போல் கேட்பவன் அறிந்த சொல்லிலிருந்து அறியாத பொருளுக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘மேனாட்டைப் பார்’ என்னும்போது அதன் இரு கன்னத்தையும் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் முடிவெடுத்தவர் பெயரும், நம் ஊரில் அதனால் அசைந்த பொருளின் பெயரும் இருக்கட்டும். படிப்பகம் இருக்கும் ஊர்களில், சுவரிலே ஒரு நிலப்படம் தொங்கட்டும். கிழமைக்கு ஒருமுறை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படித்து முடித்ததும், ‘இனி நாம் யாரிடம் என்ன கேட்பது?’ என்று ஒருவர் எழுந்து வினவட்டும்.

அவ்வினா எழும் நாளில், நூறாண்டு எழுத்தும் பயன் பெறும். அதுவரை எழுதுவோம், எழுதியதை எடை போடுவோம், எடை குறைந்தால் மீண்டும் எழுதுவோம்.